டர்பன் ஈரக்காற்றில் நூறு கிலோ மால்ட்

தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டில் பீர் காய்ச்சுவதற்காக நண்பர்கள் நால்வர் சேர்ந்து, 25 கிலோ மூட்டைகளாக நான்கு மூட்டை பார்லி மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி, வாங்கிக் கராஜில் அடுக்கியிருக்கிறார்கள். அவருடைய ஆயா, அரிசிக்குச் செய்வதுபோல் ஒருநாள் வெயிலில் காயவைத்து, வேப்பிலை போட்டுச் சாக்கில் கட்டி வைக்கச் சொல்கிறார். ஜோகன்னஸ்பர்க்கில் லெனேசியாவில் இருக்கும் மாமாவோ, தம்முடைய மூட்டை வாய் திறந்தபடியே சமையலறை மூலையில் மாதக்கணக்காக நிற்கிறது, ஒன்றும் ஆகவில்லை என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது, எத்தனை நாள் வைத்திருக்கலாம், வண்டு வந்தால் என்ன செய்வது என்பவை கேள்விகள்.

டர்பன் துறைமுகத்தில் மேய்டன் வார்ஃப் பக்கத்துத் தானியக் கிடங்குகளில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். இப்போது வீட்டில் நானும் காய்ச்சுகிறேன். அதனால் இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

ஆயா சொல்வது அரிசிக்குச் சரி. மாமா சொல்வது அவருடைய ஊருக்கு ஓரளவு சரி. டர்பனில் மால்ட் வைத்திருக்கும் உங்களுக்கு இரண்டும் பொருந்தாது. ஏன் பொருந்தாது என்பது புரிந்துவிட்டால் மற்றவற்றை நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

அரிசியிலும் நெல்லிலும் 12 முதல் 14 விழுக்காடு ஈரம் இருக்கும். அறுவடையானபோது அதைவிட அதிகம். அதனால் நம் முன்னோர் தானியம் காத்த முறை முழுவதும், தானியத்திலிருந்து ஈரத்தை வெளியேற்றும் முறை. வெயிலில் உலர்த்துவது, மூச்சுவிடும் சணல் சாக்கில் கட்டுவது, குதிரில் கொட்டி வைப்பது எல்லாம் அதற்காகத்தான். மால்ட் வேறு வகை. பார்லியை முளைக்கவிட்டு, சூளையில் 80 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றி உலர்த்தியது அது. ஆலையிலிருந்து வரும்போது அதில் 4 முதல் 5 விழுக்காடுதான் ஈரம். சுற்றியுள்ள காற்றைவிட அது வறண்டது. திறந்து வைத்தால் ஈரம் தானியத்திலிருந்து வெளியே போகாது. காற்றிலிருந்து தானியத்துக்குள் வரும். 25 பாகை வெப்பத்தில், 70 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றில் விட்டால் பார்லி ஏறக்குறைய 13 விழுக்காடு ஈரத்தில்தான் நிலைகொள்ளும். நம் கடற்கரையில் கோடைக்காலம் முழுவதும் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைச் சுற்றியே நிற்கிறது. ஆகவே வெயிலில் பாய் விரித்து மால்ட்டைக் கொட்டினால், உலர்த்துவதாக நினைத்துக்கொண்டு நனைக்கிறோம். பொரித்த அப்பளத்தை மழைநாளில் தட்டில் விட்டால் என்ன ஆகுமோ அதேதான்.

லெனேசியா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,600 மீட்டருக்கு மேல் இருக்கும் பீடபூமி. குளிர்கால மதியங்களில் அங்கே காற்றின் ஈரப்பதம் 30 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கும். அங்கேயும் மால்ட் ஈரம் வாங்கத்தான் செய்யும், ஆனால் மெதுவாக. அதற்குள் மாமா காய்ச்சி முடித்துவிடுகிறார். அந்தப் பழக்கத்தை அப்படியே நம் கடலோரத்து ஃபீனிக்ஸுக்கோ மெரபேங்குக்கோ டோங்காட்டுக்கோ கொண்டுவர முடியாது.

ஈரம் ஏறினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். முதலில் கெடுவது அரைவை. நல்ல மால்ட்டைப் பல்லில் கடித்தால் மொறுக்கென்று உடைந்து மாவாகும். 6, 7 விழுக்காட்டைத் தாண்டியது பல்லுக்கடியில் நசுங்கும். உருளை ஆலையில் போட்டாலும் உடையாமல் தட்டையாகும். உள்ளிருக்கும் மாவுச்சத்து வெந்நீருக்குச் சரியாகக் கிடைக்காது, சர்க்கரை குறையும். அடுத்துப் போவது மணம். புதிய மால்ட்டுக்கே உரிய ரொட்டியும் தேனும் கலந்த வாசனை மங்கி, பழைய அட்டைப்பெட்டி வாசனை தலைகாட்டும். அது பீரிலும் வரும். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவைக் கூட்டிப்போட்டாலும் மறையாது. நொதிகள் மெதுவாகத்தான் தளரும். ஆனால் மக்காச்சோளமும் அரிசியும் கலந்து காய்ச்சுகிறவர்களுக்கு அந்தத் தளர்ச்சிகூட இடிக்கும், ஏனென்றால் அந்த மாவுச்சத்தையும் மால்ட்டின் நொதிதான் சர்க்கரையாக்க வேண்டும்.

மூட்டைக்குள் ஈரம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. மூட்டை வந்த அன்றே எடைபோட்டு, மூட்டையின் மேலேயே எழுதிவிடுங்கள். ஏறுகிற எடை முழுவதும் தண்ணீர்தான். 4.5 விழுக்காடு ஈரமுள்ள 25 கிலோவில் தண்ணீர் 1.125 கிலோ. அதே மூட்டை 25.5 கிலோ காட்டினால் தண்ணீர் 1.625 கிலோ, அதாவது ஏறக்குறைய 6.4 விழுக்காடு. அரை கிலோ ஏறிவிட்டது என்றால் அந்த மூட்டையை முதலில் காய்ச்ச வேண்டும். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால், மாவாக அரைத்த 100 கிராமைப் பரப்பி, 105 பாகை அடுப்பில் மூன்று மணிநேரம் வைத்து மறுபடி நிறுக்கலாம். குறைந்த கிராம் எத்தனையோ அத்தனை விழுக்காடு ஈரம். மால்ட் ஆய்வுக்கூடங்கள் செய்வதும் அடிப்படையில் இதைத்தான்.

மால்ட் நெய்த பிளாஸ்டிக் சாக்கில் வருகிறது. உள்ளே தனியாகப் பாலித்தீன் உறை இருந்தால், பிரிக்காதவரை அது தானே ஒரு பாதுகாப்பு. உறை இல்லாவிட்டால் அந்தச் சாக்கு காற்றைத் தடுப்பதாக எண்ணாதீர்கள். வந்த வாரத்திலேயே பாத்திரம் மாற்றுங்கள். முழுத் தானிய மால்ட்டில் ஒரு கிலோ ஏறக்குறைய 1.8 லிட்டர் இடம் பிடிக்கும். எனவே 25 கிலோ மூட்டைக்கு 45 லிட்டர் வேண்டும். இரும்பு வளையப் பூட்டும் ரப்பர் வளையமும் உள்ள 60 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்றில் ஒரு மூட்டை தாராளமாக அடங்கும். ஆனால் நான் 20 லிட்டர் வாளிகளையே விரும்புகிறேன். ஒரு வாளி 11 கிலோ கொள்ளும். பெரிய டிரம்மை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மூட்டை முழுவதும் புதுக் காற்றைப் பார்க்கிறது. வாளிகளில் பிரித்துவிட்டால் திறந்த வாளி மட்டும் பார்க்கிறது. ஒரு மூட்டை இரண்டு வாளிகளை நிறைத்து மூன்று கிலோ மிஞ்சும். நான்கு மூட்டையில் மிஞ்சும் 12 கிலோவை முதல் இரண்டு காய்ச்சலுக்கு வைத்துக்கொண்டால் கணக்கு அழகாக முடிகிறது. 20 லிட்டர் பீருக்குச் சுமார் 5 கிலோ மால்ட் என்று வைத்துக்கொண்டால் ஒரு வாளி இரண்டு காய்ச்சலுக்குப் போதும்.

பாத்திரத்தின் அடியில் முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்று பொறித்திருந்தால் அது தகுந்த வகைப் பிளாஸ்டிக். அதோடு உணவுக்கானது என்ற குறியும் இருக்கவேண்டும். ஊறுகாய்த் தொழிற்கூடங்களிலிருந்து வெளியே வரும் நீல டிரம்களை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள். கடுகெண்ணெயும் வெந்தயமும் ஊறிய பிளாஸ்டிக்கை எத்தனை முறை கழுவினாலும் வாசனை விடாது. மால்ட் சுற்றியிருக்கும் எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும். மசாலா அரைத்து வைத்திருக்கும் அலமாரி, கற்பூரமும் சாம்பிராணியும் இருக்கும் பூசையறை, பெட்ரோலும் பெயின்டும் இருக்கும் கராஜ் எல்லாமே அதற்கு ஆகாத இடங்கள்.

வேப்பிலை விஷயமும் இதில்தான் வருகிறது. ஆயாவிடம் மரியாதையோடு சொல்லுங்கள்: அரிசிக்கு வேப்பிலை நல்ல வழக்கம், ஏனென்றால் அரிசியைக் களைந்துவிட்டுத்தான் உலையில் போடுகிறோம். மால்ட்டை யாரும் களைவதில்லை. உமியோடு அரைத்து, வெந்நீரில் ஒரு மணிநேரம் ஊறவைத்து, அந்த நீரைத்தான் குடிக்கப்போகிறோம். வேப்பிலையின் கசப்பும், வசம்பின் நெடியும், மிளகாய் வற்றலின் காரமும் அப்படியே பீருக்குள் இறங்கும். பச்சை இலையாக இருந்தால் கூடுதலாக ஈரமும் சேர்ந்துகொள்ளும். டிரம்முக்கு வெளியே அலமாரித் தட்டில் போட்டு வைப்பதற்குத் தடையில்லை.

இடத்தைப் பொறுத்தவரை, தகரக்கூரை போட்ட கராஜ் நமக்குக் கோடையான பிப்ரவரி மாதத்தில் அடுப்புபோல் இருக்கும். சூட்டைவிடச் சூடு ஏறி இறங்குவதுதான் பெரிய சிக்கல். டிரம்மின் ஒரு பக்கம் வெயில்படும் சுவரிலும் மறுபக்கம் குளிர்ந்த சிமென்ட்டிலும் இருந்தால், சூடான பக்கத்துத் தானியத்திலிருந்து ஈரம் கிளம்பி குளிர்ந்த பக்கத்தில் போய்ப் படியும். மொத்தத்தில் வறண்ட தானியத்திலும் ஒரு மூலையில் மட்டும் கட்டி கட்டியாகப் பூஞ்சணம் பிடிப்பதைக் கிடங்குகளில் பார்த்திருக்கிறேன், காரணம் இதுதான். வீட்டுக்குள் நடுவில் இருக்கும் நடைவழி அலமாரி, வெளிச்சுவரைத் தொடாத கட்டிலடி போன்ற இடங்கள் மேல். தரையிலிருந்து ஒரு பலகை உயரம் தூக்கி வையுங்கள். பீர் புளிக்க வைக்கும் அறையில் மட்டும் வைக்காதீர்கள், அங்கே அரைக்கவும் செய்யாதீர்கள். மால்ட்டின் உமித்தூசியில் பீரைப் புளிப்பாக்கிக் கெடுக்கும் பாக்டீரியா நிறைய ஒட்டியிருக்கிறது.

பாத்திரம் மாற்றுவதற்கு நாள் பார்ப்பது பயனுள்ள வேலை, அதை வலியுறுத்திச் சொல்கிறேன். மாலையில் கடற்காற்று வீசும்போதோ மழை நின்ற மறுநாளோ மூட்டையைப் பிரிக்கக்கூடாது. நம் பகுதியில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வறண்ட பருவம். குளிர்காலக் கடைசியில் டிராக்கன்ஸ்பெர்க் மலைப் பக்கமிருந்து கடலை நோக்கி இறங்கும் பெர்க் காற்று அதைவிட மேல். மேட்டிலிருந்து இறங்க இறங்க அந்தக் காற்று அழுத்தப்பட்டுச் சூடாகிறது, சூடாக ஆக அதன் ஈரப்பதம் விழுகிறது. எல்லோருக்கும் தலைவலி கொடுக்கும் அந்த நாள்தான் மால்ட் பிரித்து வாளிகளில் போட உகந்த நாள். அப்படிப்பட்ட நாளில் அடைத்தால் வாளியின் மேல் இடைவெளியில் சிறைப்படும் காற்றும் வறண்டதாக இருக்கும்.

சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 100 கிராம் பொட்டலம் மிஞ்சினால் 30, 40 கிராம் தண்ணீரை இழுக்கும். ஓட்டை மூடியுள்ள டிரம்மில் ஒரு மூட்டை மால்ட் அரை கிலோ தண்ணீரை வாங்குகிறது. மூடிக்குச் செலவிடுங்கள், பொட்டலத்துக்கு வேண்டாம்.

இனி வண்டு. உங்களுக்குத் தெரிய வேண்டிய உயிர்கள் மூன்று. நீண்ட மூக்கும், முதுகில் நான்கு செம்மஞ்சள் புள்ளிகளும் கொண்டது அரிசிக் கூன்வண்டு. பெண் வண்டு தானியத்தில் துளையிட்டு உள்ளே முட்டையிட்டுப் பசைபோன்ற ஒன்றால் மூடிவிடும். நம் கோடையில் ஒரு மாதத்துக்குள் அடுத்த தலைமுறை வெளியே வரும். வெளியே ஒன்றும் தெரியாத தானியத்துக்குள் புழு இருப்பது இதனால்தான். இரண்டாவது, மூக்கில்லாத சிவப்பு மாவு வண்டு. முழுத் தானியத்தைவிட உடைந்ததையும் மாவையும் விரும்பும். பெருகிவிட்டால் அது விடும் சுரப்பு நாற்றம் மால்ட் முழுவதும் ஏறும். மூன்றாவது அந்துப்பூச்சி. நூல்கட்டிய தானியம் அதன் அடையாளம்.

இங்கேதான் வறட்சி நமக்கு இன்னொரு கைகொடுக்கிறது. தானியத்தின் ஈரம் 9 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் கூன்வண்டால் ஒழுங்காக இனம்பெருக்க முடியாது. 5 விழுக்காடு ஈரத்தில் காத்த மால்ட்டில் ஓரிரு வண்டு நுழைந்தாலும் பெருகாது. ஈரம் ஏறிய மால்ட்டில்தான் குடும்பம் நடத்தும். மாவு வண்டுக்கு இந்தக் கட்டுப்பாடு அவ்வளவாக இல்லை. அதற்குச் சல்லடைதான் மருந்து. வாளியில் போடுமுன் தூசியையும் உடைசலையும் சலித்து எடுத்துவிடுங்கள்.

முட்டையையும் சேர்த்துக் கொல்ல வேண்டுமென்றால் உறைபெட்டிதான் நம்பகமான வழி. −18 பாகையில் ஒரு வாரம். முழு மூட்டையாக வைத்தால் நடுப்பகுதி குளிர நாள்கணக்காகும், ஏனென்றால் தானியம் நல்ல வெப்பத்தடுப்பு. 5 கிலோ பைகளாகக் கட்டி, காற்றில்லாமல் மூடி வையுங்கள். மின்வெட்டு வந்தாலும் பெட்டியைத் திறக்காதீர்கள். நிறைந்த பெட்டி பல மணிநேரம் குளிரைக் காக்கும். வெளியே எடுத்தபின் அறைவெப்பத்துக்கு வரும்வரை பையைப் பிரிக்கவே கூடாது. டர்பன் காற்றில் குளிர்ந்த மால்ட்டைத் திறந்தால் ஒவ்வொரு மணியின்மேலும் பனித்துளி படியும். இத்தனை பாடும் வீணாகும்.

பீரைக் கெக் எனப்படும் உலோக உருளைகளில் ஏற்றுகிறவர்கள் கையில் கரியமில வாயு சிலிண்டர் இருக்கும். குழாயை வாளியின் அடிவரை விட்டு மெதுவாக வாயுவைச் செலுத்தி, மேலே வந்து நிறைந்ததும் மூடலாம். 20 லிட்டர் வாளித் தானியத்தின் இடைவெளிகளில் ஏறக்குறைய 8 லிட்டர் காற்று இருக்கிறது. உறைந்த கரியமில வாயுவான உலர்பனி 50 கிராம் எடுத்தால் 27 லிட்டர் வாயுவாகும், ஆகவே அதுவும் போதும். உலர்பனி முழுவதும் ஆவியாகித் தீரும்வரை மூடியை இறுக்கக்கூடாது, வாளி வெடித்துவிடும். சன்னல் திறந்திருக்க வேண்டும், குழந்தைகள் அறையில் இருக்கக்கூடாது. வாயு 60 விழுக்காட்டுக்கு மேல் நின்றால், வெதுவெதுப்பான நாட்களில் இரண்டு மூன்று வாரத்தில் வண்டுகள் மடியும். ஆக்சிஜன் உறிஞ்சும் இரும்புத்தூள் பொட்டலம் போடுகிறவர்கள் கணக்கைச் சரியாகப் போடவேண்டும்: அந்த 8 லிட்டர் காற்றில் ஆக்சிஜன் மட்டும் 1,700 மில்லிலிட்டர். 300 மில்லிலிட்டர் ஆக்சிஜனுக்கான, 300 என்று எழுதிய ஒரே பொட்டலம் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் பலர்.

ஒன்றை மட்டும் யாரும் செய்யக்கூடாது. தெருவில் காகிதப் பொட்டலமாகவும் புட்டியாகவும் விற்கும் பூச்சி மருந்தையும் எலி மருந்தையும், கிடங்குகளுக்கான அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையையும் வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. அந்த மாத்திரை காற்றின் ஈரத்தோடு சேர்ந்து பாஸ்பீன் வாயுவை விடுகிறது. துறைமுகத்தில் அதைப் பயன்படுத்தும்போது உரிமம் பெற்றவர்கள் கிடங்கை மூடி, ஆட்களை வெளியேற்றி, அளந்து பார்த்தபின்தான் கதவைத் திறப்பார்கள். படுக்கையறைக்கு அடுத்த அலமாரியில் அதற்கு இடமே இல்லை. 2024 அக்டோபரில் சோவெட்டோவின் நலேடியில் ஆறு குழந்தைகள் டெர்புஃபோஸ் என்ற வேளாண் நஞ்சால் இறந்தார்கள். தெருவில் எலி மருந்தாக விற்கப்படுபவற்றில் அதுவும் ஒன்று. நூறு கிலோ மால்ட் முழுவதும் போனாலும் போகட்டும்.

எலிக்கு நஞ்சு வேண்டாம், தடை போதும். பசித்த எலி பிளாஸ்டிக் வாளியின் விளிம்பைக் கடித்துத் திறந்துவிடும். அதனால் எலி நடமாட்டம் உள்ள வீடுகளில் வாளிகளைத் தகரப் பெட்டிக்குள்ளோ கதவுள்ள அலமாரிக்குள்ளோ வைப்பது நல்லது. நம் பக்கத்துக் குரங்குகளுக்குச் சன்னல் திறக்கவும் தெரியும், அழுத்து மூடியைக் கழற்றவும் தெரியும். திருகு மூடி அல்லது வளையப் பூட்டு போட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள் வரும்? நன்றாக அடைத்த முழுத் தானிய மால்ட் ஓர் ஆண்டுக்குத் தாராளமாக வரும். நம் கடற்கரை வெப்பத்தில் ஆறு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குவது என் வழக்கம். நால்வருமாக மாதம் மூன்று முறை காய்ச்சினால் உங்கள் நூறு கிலோ ஏழு மாதத்தில் முடிந்துவிடும், கவலையில்லை. கருக வறுத்த மால்ட்டையும் கேரமல் மால்ட்டையும் மூட்டையாக வாங்காதீர்கள். ஒரு காய்ச்சலுக்கு கால் கிலோ, அரைக் கிலோதான் போகும், மீதி மணம் இழந்து கிடக்கும். கடையிலேயே அரைத்துக் கொடுத்த மால்ட்டுக்குக் கெடு இரண்டு மூன்று வாரம். உமி உடைந்தபின் காற்றும் ஈரமும் மாவு வண்டும் நேராக உள்ளே போகின்றன. உம்கொம்போத்தி என்ற ஆப்பிரிக்க மரபுப் பீருக்காக விற்கும் அரைத்த சோள மால்ட்டுக்கும் இது பொருந்தும். ஆடி மாதக் கஞ்சி பூசைக்காக மாரியம்மன் கோயில்களில் மக்காச்சோள மாவை மூட்டையாக வாங்கி வைப்பவர்களும் இதைக் கவனிக்கவேண்டும். மாவைத் தானியம்போல் நினைத்து மிஞ்சியதை அடுத்த ஆண்டுக்கு வைக்கக்கூடாது.

கடைசியாக, ஏற்கெனவே வண்டு விழுந்த மால்ட்டில் காய்ச்சலாமா என்று கேட்டிருந்தீர்கள். நாலைந்து வண்டு தென்பட்டு, மால்ட் மொறுமொறுப்பாக, நல்ல வாசனையோடு இருந்தால் சலித்து, உறையவைத்து, சீக்கிரம் காய்ச்சிவிடுங்கள்; பீருக்குக் கேடில்லை. கையை உள்ளே விட்டால் சூடு தெரிந்தாலோ, மண்வாசனை அடித்தாலோ, பச்சையாகவோ கருப்பாகவோ பூஞ்சணம் தெரிந்தாலோ அந்த வாளியை முழுவதும் தள்ளிவிடுங்கள். நல்ல பகுதியைப் பொறுக்கி எடுக்கும் வேலை வேண்டாம். ஒரு மணிநேரம் கொதிக்கவைத்தாலும் பூஞ்சண நஞ்சு அழியாது. பக்கத்து வீட்டுக் கோழிகளுக்கும் போடாதீர்கள், அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சண நஞ்சு அவற்றுக்கும் கேடு. தோட்டத்தில் குழிவெட்டிப் புதைத்துவிட்டு, வாளியைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, அடுத்த வறண்ட நாள்வரை கவிழ்த்து வையுங்கள்.